மூணு சுத்து... அப்புறம் 195 மீட்டர்!

திருவண்ணாமலையில் விடியற்காலை நாலு மணிக்கு ஒருத்தன் தலைதெறிக்க ஓடினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அவன் திருடன். இல்லையென்றால் நாய் துரத்துகிறது. என் விஷயத்தில் இரண்டாவதுதான் உண்மை. ஆனால் ரோந்து வந்த போலீஸ்காரர் முதலாவதை நம்பினார்.

"யோவ், நில்லு! எங்கே ஓடறே?"

"மாரத்தானுக்கு சார்."

"அது எந்தப் பக்கம்? மரக்காணம் தெரியும். மாரத்தான் கேள்விப்பட்டதில்லையே!"

அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டதில் தப்பே இல்லை என்று பட்டது. மாரத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஒரு ஊர்தான். அங்கே நடந்த போரில் பாரசீகர்களைத் தோற்கடித்த சேதியைச் சொல்ல ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடினான், சொல்லி முடித்ததும் கீழே விழுந்து செத்தான் என்று கதை. கதையின் கடைசி வரியை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். பேர் கொடுத்திருக்க மாட்டேன்.

ஐயாவின் ஜாதகம் இதுதான். வயது 36. பி.காம். இரண்டு மளிகைக் கடைக்கும் ஒரு லாட்ஜுக்கும் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். இரண்டுமே உட்கார்ந்து செய்கிற வேலை. உட்கார்ந்தே சம்பாதித்ததில் பணம் கொஞ்சம், தொப்பை நிறைய.

போன ஆடி மாதம் தலைசுற்றுகிறது என்று டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள். 'ஹெச்பிஏ1சி 6.2' என்று ரிப்போர்ட் வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்று காட்டிக் கொடுக்கும் டெஸ்ட் அது. முதல் நாள் மட்டும் இனிப்பைத் தியாகம் செய்து ஏமாற்ற முடியாது. 5.7-க்குக் கீழே இருந்தால் பாஸ். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி.

"நடுவுல இருந்தா என்ன டாக்டர்?"

"ரயில்ல ஆர்.ஏ.சி. மாதிரி. இன்னும் பெர்த் கன்ஃபர்ம் ஆகலை. கேன்சல் பண்றதா, வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

வீட்டில் ரிப்போர்ட்டைப் பார்த்து மனைவி அழுதாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலில் அவருக்கு மூன்று விரல்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

*

பாண்டிச்சேரியில் பாங்க்கில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன்தான் மாரத்தான் யோசனையைச் சொன்னவன். "வாக்கிங் போறேன்னு நீ சொன்னா மூணாம் நாளே நிறுத்திடுவே. ஆரோவில் மாரத்தானுக்குப் பணம் கட்டு. பணம் கட்டிட்டா பி.காம். படிச்சவன் பாதியில விடமாட்டான்" என்றான். என்னை எவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருக்கிறான் பாருங்கள்!

எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது ஆரோவில். 2008-ல் தொடங்கிய ஓட்டம் இது. பிப்ரவரி மாதம், செம்மண் காட்டுப் பாதையில் ஓடவேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்றெல்லாம் கிடையாது. ஓடுகிற சந்தோஷத்துக்காக ஓடவேண்டுமாம். பரிசு இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எப்படியும் கிடைக்கப்போவதில்லை, இல்லாதது எல்லோருக்கும் இல்லை என்றால் சமத்துவம்தானே?

தூரம் 42.195 கிலோமீட்டர். இந்த இடத்தில்தான் என் கணக்குப்பிள்ளை மூளை விழித்துக்கொண்டது. எங்கள் ஊர் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மூணு சுத்து சுற்றினால் 42! அண்ணாமலையாரே டேப் பிடித்து அளந்து வைத்த மாதிரி இருந்தது. ஆனால் டிரையல் பாலன்ஸ் டாலி ஆகவில்லை. 195 மீட்டர் உதைத்தது. வித்தியாசம் வந்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடு என்பது காலேஜில் படித்த பாடம். போட்டுவிட்டு, எங்கிருந்து வந்தது இந்த 195 என்று தேடினேன்.

1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்ஸர் கோட்டையில் ஆரம்பித்து, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு எதிரே முடிகிற மாதிரி வைத்தார்கள். ஸ்டேடியம் வரை 26 மைல், உள்ளே 385 கஜம். மொத்தத்தையும் கிலோமீட்டர் ஆக்கினால் 42.195. பிறகு 1921-ல் இதையே அதிகாரபூர்வமான தூரமாக்கிவிட்டார்கள். அந்த லண்டன் ஓட்டத்தில் ஸ்டேடியத்துக்குள் முதல் ஆளாக நுழைந்தவர் இத்தாலிக்காரர் டொராண்டோ பியட்ரி. உள்ளே வந்தபின் பல தடவை விழுந்தார். பார்க்கச் சகிக்காமல் கைத்தாங்கலாக முடிக்க வைத்தார்கள். அடுத்தவர் கை பட்டதால் தகுதி நீக்கம்! ராணி அலெக்ஸாண்ட்ரா மனசு கேட்காமல் மறுநாள் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்.

ராணி உட்கார்ந்த இடத்துக்காக, நூறு வருஷம் கழித்து ஒரு திருவண்ணாமலைக்காரன் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது!

சரி, 195 மீட்டர் என்றால் எவ்வளவு? எங்கள் ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். மூன்று ராஜகோபுரத்தை வரிசையாகப் படுக்கப் போட்டால் 198. ஆக, மலையை மூணு சுத்து, அப்புறம் மூணு கோபுரம். அதிலும் மூணு மீட்டர் டிஸ்கவுண்ட்.

*

முதல் நாள் 300 மீட்டர் ஓடினேன். அக்னி லிங்கம்கூட வரவில்லை. அதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. துரத்திக்கொண்டு வந்த நாய் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. அதன் நாக்கும் வெளியேதான் இருந்தது. இருவரும் சிறிது நேரம் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டோம்.

ஷூ வாங்கியது தனிக் கதை. விலை 4,999 ரூபாய். "இந்த ஊரைச் சுத்த யாராவது செருப்பு போடுவாங்களா?" என்றாள் மனைவி. நான் விடவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கியதையும், 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கியதையும் சொன்னேன்.

"அப்ப ஷூவுல ஒண்ணும் இல்லைன்னு ஆகுது. கால்லதான் இருக்குது" என்றாள். வாதத்தில் நான் கடைசியாக ஜெயித்தது கல்யாணத்துக்கு முன்னால்.

ஒரு மாதத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தேன். உடனே தலைக்கனம் வந்துவிட்டது. மறைந்த கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2023-ல் சிகாகோவில் 2 மணி 35 செகண்டில் மாரத்தானை முடித்தார் என்று படித்தேன். எங்கள் மலைக்கு மாற்றிப் போட்டால் சுத்துக்கு 40 நிமிஷம்! நாமும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஓடத் தெரியாதவனுக்கு ஓட்டத்தில் வருகிற முதல் வியாதி இதுதான்.

அக்னி லிங்கம் பக்கத்தில் பூ விற்கும் பாட்டி ஒருத்தி தினமும் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் நிறுத்தினாள்.

"ஏன் சாமி, மலையை எப்பிடிச் சுத்தணும்னு தெரியுமா உனக்கு?"

"எப்படி பாட்டி?"

"நெறமாசக் கர்ப்பிணி மாதிரி அடிமேல அடி வெச்சு நடக்கணும். நீ இன்னாத்துக்கு, அவளுக்கு வலி எடுத்துட்டாப்பல ஆட்டோ புடிக்க ஓடறே?"

இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் இந்த வழக்கு தெரியும். நிறைமாதக் கர்ப்பிணி போல நிதானமாக, இடது பக்கமாக, மனசை மலை மேல் வைத்துச் சுற்ற வேண்டும். கேட்டுக் கேட்டுக் காது புளித்த விஷயம். பாட்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இன்னும் வேகமாக ஓடினேன்.

*

ஐப்பசி மழையோடு கால்வலியும் வந்தது. வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு வலி. முதலில் ஓடி முடித்தபின் வலித்தது. அப்புறம் ஓடும்போது. அப்புறம் மாடிப்படி ஏறும்போதே. டாக்டர் அழுத்திப் பார்த்தார், நான் கூரையைத் தொட்டேன்.

"எலும்பு ஓரத்துல வீக்கம். அளவுக்கு மீறி, அவசரமா கூட்டியிருக்கீங்க. மூணு வாரம் ஓடக்கூடாது. மீறி ஓடினா எலும்புல விரிசல் விடும்."

மூன்று வாரமா? என் அட்டவணை என்ன ஆவது? கட்டிய பணம் என்ன ஆவது? மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கினேன். ராத்திரி போட்டுக்கொண்டு காலையில் ஓடிவிடுவதாகத் திட்டம். தண்ணீர் சொம்பும் மாத்திரையுமாக நின்றபோது, அப்பா திண்ணையிலிருந்து கூப்பிட்டார்.

"கால் வலிக்குதாடா?"

"ரொம்ப வலிக்குதுப்பா."

"தெரியுது இல்ல?"

"என்ன தெரியுது?"

"வலி."

இப்போது அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா 27 வருஷம் பஸ் கண்டக்டர். டூட்டியை மாற்றிக்கொண்டாவது மாதம் தவறாமல் பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்விடுவார். வெறுங்கால்தான். சர்க்கரை வந்த பிறகும் நிறுத்தவில்லை. "பஸ்ல நின்ன கால். இதுக்கு எதுவும் ஆகாது" என்பார். சர்க்கரை பல வருஷம் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் கால் நரம்புகளைத் தின்றுவிடும். முதலில் மதமதப்பு, அப்புறம் ஒன்றுமே தெரியாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் அப்போது தெரியாது.

ஒரு சித்ரா பௌர்ணமி. சுற்றிவிட்டு விடியற்காலை வந்து வாசலில் கால் கழுவினார். தண்ணீர் சிவப்பாகப் போனது. திருப்பிப் பார்த்தால், உள்ளங்காலில் விரல்களுக்குக் கீழே ஒரு துருப்பிடித்த ஆணி, தலைவரை இறங்கியிருந்தது. அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. பெரிய வலியைப் பொறுத்துக்கொண்ட வீரம் எதுவுமில்லை, நிஜமாகவே வலிக்கவில்லை. புண் ஆறவில்லை. அழுக ஆரம்பித்தது. கடைசியில் இரண்டு விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள்.

திண்ணையில் அன்றைக்கு அப்பா சொன்னது இதுதான்: "எந்தப் பாசஞ்சர் எந்த ஸ்டாப்புல ஏறினான்னு முகத்தைப் பார்த்தே சொல்லுவேன்டா. அந்த ஆணி எந்த லிங்கத்துக்கிட்ட ஏறிச்சுன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலை. காசு கொடுத்து, மாத்திரை போட்டு, நீ உன் வலியை அமுக்கப் போறியா?"

மாத்திரையைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மூன்று வாரம் ஓடவில்லை.

(நீண்ட ஓட்டத்துக்கு நடுவில் தாங்களாகவே வலி மாத்திரை விழுங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். டாக்டர் சொன்னது.)

*

ஓடாத மூன்று வாரத்தில் படித்தேன். பூக்காரப் பாட்டி சொன்னதைத்தான் பயிற்சியாளர்கள் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். பயிற்சியின் பெரும்பகுதியை மெதுவாக ஓடு. நீண்ட ஓட்டத்தை இன்னும் மெதுவாக ஓடு. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடியவேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வாரத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே.

ஏன் மெதுவாக? கணக்கு எழுதுபவன் பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று சேமிப்புக் கணக்கு: தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் இருக்கும் சர்க்கரை. நினைத்த நேரத்தில் எடுக்கலாம். ஆனால் இருப்பு குறைவு, சுமார் 2,000 கலோரி. இன்னொன்று ஃபிக்ஸட் டெபாசிட்: கொழுப்பு. என்னிடம் அது தாராளம்; எடுக்கத்தான் நேரமாகும். வேகமாக ஓடினால் உடம்பு அவசரத்துக்குச் சேமிப்பிலிருந்து உருவிக்கொள்ளும். மெதுவாக ஓடினால் டெபாசிட்டிலிருந்தும் எடுக்கப் பழகும். ஒரு கிலோமீட்டர் ஓடினால், கிலோ எடைக்கு ஒரு கலோரி செலவு என்பது தோராயம். 80 கிலோ ஆசாமி 2,000-ஐ 80-ஆல் வகுத்துப் பார்க்கட்டும். 25 கிலோமீட்டரில் பாஸ்புக் காலி! முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் திடீரென்று சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று மாரத்தான்காரர்கள் புலம்புவது இதைத்தான்.

மறுபடி ஓட ஆரம்பித்தபோது பேசிக்கொண்டே ஓடினேன். தனியாக என்னத்தைப் பேசுவது? காலேஜில் மனப்பாடம் செய்த இரட்டைப் பதிவு விதிதான் வாயில் வந்தது. "உள்ளே வருவதைப் பற்று வை... வெளியே போவதை வரவு வை..." யம லிங்கத்துக்கிட்ட ஒரு சாமியார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆகா! பெரிய தத்துவம்!" என்று விபூதி கொடுத்தார்.

கார்த்திகை தீபம் வந்தது. லட்சக்கணக்கில் ஜனம். பாதையில் ஓடுவது இருக்கட்டும், கையைத் தூக்கினால் இறக்க இடமில்லை. அப்பா கேட்டார்: "இந்த வருஷம் எனக்குப் பதிலா நீ சுத்திட்டு வர்றியா? ஓடக்கூடாது. நடந்து."

போனேன். சாயந்திரம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் எழுந்த 'அரோகரா' சத்தத்தில் உடம்பு சிலிர்த்தது. வெறுங்காலோடு நடந்தேன். 14 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். என் வாழ்க்கையிலேயே மோசமான டைமிங்! ஆனால் வழியில் ஒவ்வொரு கல்லும் குத்தியது. குத்தியது எனக்குத் தெரிந்தது. நிருதி லிங்கம் தாண்டி ஒரு ஜல்லி ஏறியபோது "ஸ்ஸ்" என்று நின்று, காலைத் தூக்கி, கையால் எடுத்துப் போட்டேன். அதை எந்த இடத்தில் எடுத்தேன் என்று இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

*

அதற்கப்புறம் அப்பாதான் என் கோச். கோச்சிடம் இரண்டு உபகரணம்: ஒரு பழைய விசில், ஒரு டைரி. இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பலாம். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். டைரியில் என் சுற்றுகளை எழுதிக்கொள்வார். தான் தவறவிட்ட பௌர்ணமிகளுக்கு அதைக் கழித்துக்கொள்வதாக அவருக்கும் அண்ணாமலையாருக்கும் ஒப்பந்தம். அந்தக் கணக்கை நான் ஆடிட் செய்வதில்லை.

"32 கிலோமீட்டர் ஓடணும்பா. நினைச்சாலே வயித்தைக் கலக்குது" என்றேன் ஒருநாள்.

"எதுக்கு நினைக்கிறே? பெங்களூர் வண்டியில போறப்ப நான் பெங்களூரையா நினைப்பேன்? அடுத்தது செங்கம். செங்கம் ஆள் இறங்கினா அடுத்த ஸ்டேஜ். அந்த மலையில எட்டு லிங்கம் இருக்கு. எட்டு ஸ்டேஜ். டிக்கெட் போட்டு இறக்கிக்கிட்டே போ."

மாரத்தானுக்கு நாலு வாரம் முன்னால், மார்கழி கடைசி ஞாயிறு. பயிற்சியிலேயே நீளமான ஓட்டம் அன்றைக்குத்தான். வேட்டவலம் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய், இரண்டு வந்து, பிறகு மலையை இரண்டு சுத்து. ஆக 32. அந்த நாலு கிலோமீட்டரை மலைப் பாதையிலேயே முன்னும் பின்னுமாக ஓடிச் சரிக்கட்டலாம் என்றேன். "மலையை யாராவது இடவலமா சுத்துவானா?" என்று கோச் ரத்து செய்துவிட்டார்.

விடிகாலை மூன்றே கால். பனி. ராஜகோபுரத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் மஃப்ளரோடு அப்பா. இரண்டு விசில். கிளம்பினேன்.

முதல் சுற்று அமைதியாகப் போனது. இந்திர லிங்கம், அக்னி லிங்கம், ரமணாசிரமம், யம லிங்கம்... மனசுக்குள் டிக்கெட் கிழித்து ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டே போனேன். ஆதி அண்ணாமலை பக்கம் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. மாணிக்கவாசகர் அதைப் பாடியது இந்த ஊரில்தான் என்பார்கள். ஒரு சுற்று முடிந்து டீக்கடையைத் தாண்டும்போது, அப்பா நிறுத்தாமல் இரண்டு விசில் கொடுத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைத் தண்ணீர் இரண்டு மடக்கு. ஆமாம், சர்க்கரைதான். அந்தத் தூரத்தில் அது மருந்து.

இரண்டாவது சுற்றில், மொத்தம் 28 கிலோமீட்டர் வாக்கில், வாயு லிங்கம் தாண்டியதும் அது வந்தது. சுவர். தொடை கல்லாகிவிட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. தெரு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. எதிரே பார்த்தால் குபேர லிங்கம்! ஊருக்கெல்லாம் செல்வம் கொடுக்கிறவர் வாசலில் என் பாஸ்புக் இருப்பு பூஜ்யம். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லாமல் விக்கல்தான் வந்தது.

நின்றேன். பிளாட்பாரத்தில் உட்காரலாம் என்று தோன்றியது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்றும் தெரிந்தது. எங்கே வலிக்கிறது என்று மேலிருந்து கீழே பட்டியல் எடுத்தேன். இடுப்பு, தொடை, ஆடுசதை. பழைய எலும்பு ஓரம்? அழுத்திப் பார்த்தேன். இல்லை. இடது சுண்டுவிரலில் கொப்புளம். சரி, இதெல்லாம் களைப்பின் வலி. நிறுத்தச் சொல்லுகிற வலி இதில் எதுவும் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளத்தான் ஐந்து மாசம் ஆகியிருந்தது.

நடந்தேன். நிறைமாதக் கர்ப்பிணியாகத்தான் நடந்தேன். ஈசான்ய லிங்கம் கடைசி ஸ்டேஜ், அதுவரை மட்டும் டிக்கெட். சட்டைப் பையிலிருந்த இரண்டு பேரீச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டே போனேன். ஈசான்ய லிங்கம் வந்தபோது கால் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. ஓட்டம் என்றால், பக்கத்தில் பால்கேன் கட்டிய சைக்கிள்காரர் மிதிக்காமலே என்னைத் தாண்டினார். அந்த மாதிரி ஓட்டம்.

ராஜகோபுரம். மணி ஏழே முக்கால். 32 கிலோமீட்டர்.

அப்பா விசில் கொடுக்கவில்லை. டைரியை மூடிப் பையில் வைத்தார். பெஞ்சுக்குக் கீழே இருந்த தன் எம்.சி.ஆர். செருப்பை இழுத்து, மூன்று விரல் காலை உள்ளே நுழைத்து, வாரை இறுக்கினார். சர்க்கரைக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கிற செருப்பு. அதில்லாமல் இப்போது வாசலுக்குக்கூட வருவதில்லை. தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

"என்னவோ மிச்சம் இருக்குன்னு சொல்லுவியே... நூத்துத் தொண்ணூத்தஞ்சு?"

"அது 42 முடிஞ்சப்புறம்பா. மாரத்தான் அன்னிக்கு."

"அன்னிக்கு எனக்கு அந்தக் காட்டுக்குள்ள வர முடியுமோ என்னவோ. இன்னிக்கே போட்டுடலாம் வா."

கோபுரத்திலிருந்து தேரடித் தெரு ஓரமாக நடந்தோம். அவர் கை என் தோளில். யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்ல முடியாது. அவர் ஒவ்வொரு அடிக்கும் கீழே பார்த்துத்தான் காலை வைத்தார். கால் சொல்லாததைக் கண்ணால் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் நடை அது. என் கையிலிருந்த வாட்ச் மீட்டர் எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு கோபுரம். இரண்டு கோபுரம்.

"கொப்புளம் வலிக்குதாடா?"

"வலிக்குதுப்பா."

"நல்லது."

195 வந்ததும் கையைக் காட்டினேன். அப்பா நின்று, இடுப்பிலிருந்து விசிலை எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரே ஒரு விசில் கொடுத்தார்.

ஐந்து நிமிஷம் பத்து செகண்ட். கெல்வின் கிப்டம் அதற்குள் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போயிருப்பார். எங்களைத் துரத்த நாய்கூட வரவில்லை. ஆனால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டைக் குளோஸ் செய்துவிட்டேன்.

மாரத்தானுக்கு இன்னும் பத்து நாள். இப்போதெல்லாம் தினமும் கொஞ்சம்தான் ஓடுகிறேன். இனி உடம்பு ஓய்வெடுத்து இருப்பைச் சேர்க்க வேண்டிய காலம். ரத்தம் மறுபடி பரிசோதித்தேன்: 5.8. ஆர்.ஏ.சி.தான். ஆனால் கேன்சல் கவுண்ட்டர் க்யூவில் நானும் நிற்கிறேன்.

போன வாரம் அந்தப் போலீஸ்காரர் மறுபடி எதிரே வந்தார். நான் ஓடிய வேகத்தைப் பார்த்துவிட்டு, ஜீப்பை நிறுத்தி அக்கறையாகக் கேட்டார்: "என்ன சார், மாரத்தான் இன்னும் வரலையா?"